அத்தாட்சிப் பத்திரங்களின் ஓரம்

வசதியாக வாழ்ந்தவர்கள் காகிதம் சேர்ப்பதில்லை. எங்கள் தாத்தாவின் நினைவாக வீட்டில் இருப்பது ஒரு காணி உறுதியும் ஒரு கல்யாணப் படமும்தான். அம்மம்மாவின் அக்காவுக்கோ இரத்மலானை வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையக் காகிதம். பெரிய பாட்டி என்று நாங்கள் அழைத்த அவர், முப்பது வயதுக்குள் இரண்டு பிள்ளைகளோடு விதவையானவர். சொத்தென்று ஒன்றும் இல்லாதவரிடம் இத்தனை எப்படிச் சேர்ந்தது? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது விளங்கியது: அவர் சொன்ன எதையும் யாரும் வாய்ச்சொல்லாக ஏற்கவில்லை.

கணவர் சிலோன் கரிசன் ஆட்டிலறியில் கன்னர். கொழும்புத் துறைமுகத்தைக் காத்த கரையோரப் பீரங்கிகள் அந்தப் படையின் பொறுப்பு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும், இரத்மலானை விமானத்தளத்தையும், ரயில்வே வேலைத்தளத்தையும் தாக்கின. அன்றைக்கு அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அடுத்த வருடம் திருகோணமலையில் மலேரியா கொண்டுபோய்விட்டது. குடும்பக் கதையில் அவர் குண்டு பட்டுச் செத்தவர். அத்தாட்சிப் பத்திரத்தில் காய்ச்சல். வீட்டில் இன்றும் குண்டைத்தான் நம்புகிறார்கள். நான் வாதாடுவதில்லை.

நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்தில் அவருக்கு ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழுவின் பதிவேட்டில் படையாளின் பெயருக்கு அடுத்ததாக, விவரம் கிடைத்தவர்களுக்கு, இன்னாரின் மகன், இன்னாரின் கணவன் என்று ஒரு வரி இருக்கும். பெரிய பாட்டியின் பெயர் அந்த வரியில் உண்டு. மற்ற எல்லாக் காகிதங்களிலும் அவர் யாரோ ஒருவரின் மகள், யாரோ ஒருவரின் மனைவி, யாரோ ஒருவரின் விதவை. இந்த ஒன்றில் மட்டும் ஆணை அடையாளம் காட்டப் பெண்ணின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு ஓய்வூதியம். மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். ஆகவே மறுமணம் செய்யவில்லை என்று அவர் சாட்சியோடு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கத்தோலிக்கக் கோயில்களில் ஒருவரின் ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில், ஓரத்தில், அவருடைய கல்யாணத்தையும் குறித்து வைப்பது விதி. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் சுவாமியார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே ஒரே ஒரு கல்யாணம்.

பெட்டியில் பாதியை அடைத்திருப்பது பிரஜாவுரிமை. பெரிய பாட்டி கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அவருடைய அப்பா பிறந்தது தூத்துக்குடியில். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்ததை மட்டும் வைத்து யாரையும் பிரஜையாக்கவில்லை. அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். எஞ்சிய வழி 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னே மணமானவர் ஏழு வருடமும், மணமாகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி 1951 ஆகஸ்ட் 5. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த வரிசையில் நின்றார்கள். பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள், பலருக்கு நிராகரிப்பு.

விதவைக்குப் பத்து வருடத்தைக் காட்டிவிடுவதே பாதுகாப்பு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். 1935இலிருந்து தாள்கள் தொடங்குகின்றன: வீட்டு வாடகைத் துண்டுகள், பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கைகள், 1942க்குப் பிறகு அரிசிக் கூப்பன் புத்தகம், சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்த கடதாசிகள். அரசனின் சீருடையில் செத்தவரின் மனைவி என்பது எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் ஒரே தாளில் முடிந்திருக்கும் என்பது என் கோபம். அவருக்கு அந்தக் கோபம் இருந்ததா என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

வாக்காளர் இடாப்புகளையும் பார்த்தேன். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க இடாப்பு நறுக்குக்கு அலைந்த எந்தக் கொழும்புப் பெற்றோருக்கும் அதன் அருமை தெரியும். 1931இலேயே இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டதால், வேறெங்கும் எழுதப்படாத பெண்களும் அதில் வீட்டு இலக்கத்தோடு இருப்பார்கள். நாற்பதுகளில் பெரிய பாட்டி இருக்கிறார். பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று 1949இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இல்லை. ஐம்பதுகளின் பின்பாதியில், இரத்மலானையில், மறுபடி இருக்கிறார்.

இவ்வளவையும் மேசையில் பரப்பியிருந்தபோது அம்மா கேட்டார்: “அவ இருக்கைல வாயால ஒரு வார்த்தை கேக்காம, இப்ப கடுதாசியில என்னத்த மகன் தேடுறீங்க?” நியாயமான கேள்விதான். அவர் செத்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது என்றேன். உண்மையில், அவரைப் பற்றிய காகிதங்களில் அவரை நானும் காணவில்லை. அவை அதிகாரிகள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள், அவ்வளவுதான்.

அவர் அகப்பட்டது மற்றவர்களின் காகிதங்களில். ரயில்வே வேலைத்தளத்தில் வேலை பார்த்த தம்பியோடு குவாட்டர்ஸில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு மனுசியின் இறப்பை அறிவித்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. செத்தவர் சிங்களப் பெண். சொந்தக்காரர் யாரும் வந்து பதியவில்லை. ஞானஸ்நானப் பதிவுகளில் ஞானத்தாய் என்ற இடத்தில் திரும்பத் திரும்ப அவர் பெயர். விதவையைச் சுபகாரியத்துக்கு முன்னால் நிறுத்தாத ஊரில் இத்தனை பேர் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டார் இரத்மலானை விமான நிலைய முகாமுக்கு ஓடியபோது பெட்டியை எடுக்கவில்லை. அதைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிக் காப்பாற்றிக் கொடுத்தது இன்னொரு அயல்வீட்டுக்காரி. அதற்கு நாலு வருடம் முன்பே பெரிய பாட்டி போய்விட்டார். பெட்டியின் அடியில் சிங்கர் தையல் மெஷினுக்கு மாதாமாதம் கட்டிய தவணைத் துண்டுகள் நூலில் கோத்தபடி கிடந்தன. அந்த மெஷினில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்து ஆளானார்கள். அவருடைய இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தொழில் என்ற கட்டத்தில் பதிவாளர் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

இப்படித் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயிலிலோ கந்தோரிலோ கேட்டால் தட்டச்சு அடித்த நறுக்கு ஒன்றைத் தருவார்கள். ஓரத்தில் உள்ளது அதில் வராமல் போகலாம். முடிந்தால் பழைய பக்கத்தையே முழுசாகப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். சாட்சி யார், அறிவித்தவர் யார், ஞானத்தாய் யார் என்பதை முதலில் பாருங்கள்.