சாரலில் காயாத 'ஜீரோ'!

குற்றாலத்துக்கு சீசன்ல வந்திருக்கீங்களா? வந்திருந்தா உங்க லிஸ்ட் இதுதான்: பேரருவி, ஐந்தருவி, எண்ணெய்த் தேய்ப்பு, ரம்புட்டான், ராத்திரி பார்டர் பரோட்டா. சரிதானே?

இந்த வாரம் அருவிக்குப் போகலை. அங்கேயிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தென்காசியில் எங்க வீட்டு மாடி அறைக்கு வாங்க. பார்த்து... தரையில பூராவும் நியூஸ் பேப்பர். மேஜை மேல ஒரு ஜப்பானியப் போர் விமானம் நிக்குது. ரெண்டாம் உலகப் போரில் பறந்த 'ஜீரோ'. ஒரு இறக்கை நுனியிலேர்ந்து மறு நுனி வரை பதினாறே முக்கால் சென்டிமீட்டர். நாலு நாளாச்சு, பெயின்ட் காயவே மாட்டேங்குது!

பொம்மைன்னு நினைச்சிடாதீங்க. இதுக்கு 'ஸ்கேல் மாடல்'னு பேர். நிஜத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்குவது. நம்ம காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரம் 180 அடிக்குப் பக்கம். அதை 1:72-ல சுருக்கினா இரண்டரை அடி, உங்க ஹாஸ்டல் மேஜையில நிக்கும். அதே கணக்கில் 12 மீட்டர் இறக்கை ஒரு சாணுக்குள் அடங்கிடும். விமானி ரெண்டரை சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார்.

கிட் வாங்க தென்காசியில் கடை கிடையாது. தபாலில்தான் வரும். பெட்டியைத் திறந்தா சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள், அதில் காய்ச்ச மாதிரி சின்னச் சின்ன உறுப்புகள். வெட்டணும், உப்புத்தாள் போடணும், ஒட்டணும். ஒட்டின இடத்தில் கோடு தெரிஞ்சா பட்டி வைக்கணும், திரும்பத் தேய்க்கணும். மெக்கானிக்கல் லேப்ல ஃபைலிங் பண்ணச் சொன்னா தலைவலின்னு எஸ்கேப் ஆகிற நான், இதுல ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்திருக்கேன். அம்மாவுக்கு இன்னும் புரியலை.

ஏன் ஜீரோ? ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டுக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடையாது. 1937-ல் ஜப்பானியக் கடற்படை ஒரு லிஸ்ட் கொடுத்தது: வேகமா போகணும், ரொம்ப தூரம் போகணும், சட்டுனு வளையணும், பெரிய பீரங்கி தூக்கணும். இன்ஜினோ ஆயிரம் குதிரைசக்திகூட இல்லாதது. மிட்சுபிஷி கம்பெனியில் இருந்த ஜிரோ ஹோரிகோஷி (மியாசாகியின் 2013 அனிமேஷன் படத்தின் ஹீரோ இவர்தான்) ஒரே வழியைப் பிடித்தார். எடையைக் குறை! புது அலுமினியக் கலவை, சட்டங்களில் எல்லாம் ஓட்டை. வெறும் விமானம் சுமார் 1,680 கிலோ. இன்னிக்கு ரோட்ல ஓடுற பெரிய எஸ்யூவி அவ்வளவு இருக்கும். 1940-ல் படையில் சேர்ந்தது. அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2600, அதனால்தான் 'ஜீரோ'.

மிச்சம் பிடித்த எடை எங்கேயிருந்து வந்தது தெரியுமா? விமானிக்கு முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்க்கும் இல்லை. மாடலில் அந்த சீட்டை ஒட்டும்போது பின்னால் ஒட்ட எதுவுமே மிச்சம் இருக்காது. கையில் இடுக்கியோட கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போ பெயின்ட் பிரச்னைக்கு வருவோம். நீங்க சாரலில் நனைஞ்சு 'ஆஹா'ங்கிறீங்க. நமக்கு அது வில்லன். லாக்கர் பெயின்ட்ல தின்னர் வேகமா ஆவியாகும். ஆவியாகும்போது அடியிலுள்ள பரப்பு குளிர்ந்திடும். குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் படியும், பெயின்ட் வெள்ளையாப் பூத்துப்போகும். என் முதல் ஜீரோ அப்படித்தான் விபூதி பூசின மாதிரி ஆச்சு. தீர்வைச் சொன்னது காலேஜ் இல்லை, கார் டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற ஒரு அண்ணாச்சி. "தம்பி, சாரல் நாள்ல மெதுவாக் காயுற தின்னரைக் கலக்கணும். அதுவும் மத்தியானம் வெயில் எட்டிப் பார்க்கையில அடி. அவசரப்பட்டா பூக்கத்தான் செய்யும்." அதுக்கப்புறம் ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள 40 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டி, அதுக்குள்ள விமானத்தை வைக்கிறேன். கோழிக்குஞ்சு பொரிக்கிற மாதிரி!

'ஜப்பான் விமானத்துக்கும் தென்காசிக்கும் என்னடா சம்பந்தம்?'னு கேட்பீங்க. மேப்பை எடுங்க. தென்காசியிலேர்ந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். சென்னை அதைவிட தூரம்! 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பி வந்து கொழும்பைத் தாக்கிய கூட்டத்தில் ஜீரோக்கள் இருந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 9-ம் தேதி திருகோணமலை. குற்றாலத்து மலைக்கு மேல ஒண்ணும் வரலை. ஆனா கொழும்பிலிருந்து இங்கே வர ஜீரோவுக்கு ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான் ஆகியிருக்கும்.

இதையெல்லாம் எதிர்வீட்டு ஆச்சிகிட்ட பெருமையா அளந்துக்கிட்டிருந்தேன். காய்ஞ்ச மாடலையும் கையில கொண்டுபோயிருந்தேன். ஆச்சிக்கு 92 வயசு. கண்ணு பரவாயில்லை, காதுதான் மந்தம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இறக்கையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாங்க. சிவப்பு வட்டம்.

"இது ரங்கூன்ல வந்ததுல்லா..."

எனக்குத் தெரியவே தெரியாது. அவங்க பிறந்தது ரங்கூன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கணக்குப்பிள்ளை வேலை. 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன் மேல முதல் குண்டுவீச்சு. ஜனங்க ஒளியத் தெரியாம தெருவில் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு, கிறிஸ்துமஸ் அன்னிக்குத் திரும்பவும் வந்தாங்க. "சத்தம் முதல்ல வரும். அப்புறம் வட்டம் தெரியும். அம்மா என்னைய இழுத்துப் படிக்கட்டுக்கடியில தள்ளிட்டா."

ஆச்சியும் அம்மாவும் ஜனவரியில் கப்பல் ஏறிட்டாங்க. சித்தப்பாவுக்கு இடம் கிடைக்கலை, நடந்து வர்றேன்னார். பல லட்சம் இந்தியர்கள் அப்படிக் கிளம்பினாங்க, காட்டு வழியிலேயே பல்லாயிரம் பேர் போய்ச் சேர்ந்தாங்க. சித்தப்பா வரலை. (பர்மா பஜார், அத்தோ எல்லாம் 1960-களில் திரும்பி வந்தவங்க கதை. இது அதுக்கும் முந்தினது.)

என்கிட்ட இருந்த கெட்ட புத்தி, அப்பவும் டெக்னிக்கலா ஒரு டவுட் கேட்டேன். "ஆச்சி, சக்கரம் வெளியே தொங்கிச்சா, உள்ளே மடங்கியிருந்துச்சா?"

"ஏல, உசுரு போற நேரத்துல சக்கரத்தை யாருல பார்த்தா?"

ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். ரங்கூனுக்கு வந்தது ஜீரோவே இல்லை! ஜீரோ கடற்படை விமானம். ரங்கூனைத் தாக்கியது தரைப்படையின் விமானப் பிரிவு. 23-ம் தேதி குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலா வந்தது சக்கரம் மடங்காத பழைய கி-27. 25-ம் தேதி கூடுதலா வந்தது நாகாஜிமா கம்பெனியின் கி-43, செல்லப்பெயர் 'ஹயபூசா'. பைக் பிரியர்களே, அதே பெயர்தான்! பைரிங்கிற வேட்டைப் பறவை. அதை வடிவமைச்ச டீமில் இருந்த ஹிடியோ இடோகாவா போருக்கப்புறம் ஜப்பானின் ராக்கெட் துறைக்கே பிதாமகர் ஆனார். அவர் பெயர் வெச்ச குறுங்கோளுக்கு 2005-ல் போய்ச் சேர்ந்த விண்கலத்தின் பெயரும் ஹயபூசா. ஒரே மனுஷன், ஒரே பெயர், ஆச்சி வீட்டுப் படிக்கட்டு... எனக்கு இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியலை.

மறுநாள் ஆச்சிகிட்ட போய், நான் செஞ்சது தப்பான விமானம்னு சொன்னேன். சிரிச்சாங்க. ஜீரோவைக் கையில் வாங்கி எடை பார்த்தாங்க. "இவ்வளவு லேசாவாலெ இருக்கு?"

இப்போ பல்புப் பெட்டிக்குள்ள இருக்கிறது ஹயபூசா. இறக்கை பதினாறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடிப்பக்கம் சாம்பல், மேலே பச்சை. வட்டங்களை மட்டும் இன்னும் ஒட்டலை. ஆச்சி மனசு சங்கடப்படுமேன்னு, வட்டம் இல்லாமலே முடிச்சுக் கொண்டுவரட்டுமான்னு கேட்டிருந்தேன்.

"வேண்டாம்லெ. வட்டத்தை ஒட்டியே கொண்டா. இல்லைன்னா அது வேற என்னமோல்லா?"

மூணு நாளா சாரல் விடலை. கோபுர வாசல்ல நின்னா காத்து ஆளைத் தள்ளுது. டூரிஸ்ட்டுகளுக்குக் கொண்டாட்டம். நான் மத்தியான வெயிலுக்காக மாடியில உட்கார்ந்திருக்கேன்.