சொந்த ஊருக்கு வழி

நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, "ஐயா, இன்ன தெருவுக்கு எப்படிப் போகவேண்டும்?" என்று கேட்டால், "தெரியாது" என்று சொல்லுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெரியாது என்று சொல்லி அனுப்புவது மரியாதைக் குறைவு என்று நமக்கு ஓர் எண்ணம். "நேரே போய்ப் பிள்ளையார் கோயில் கிட்டே வலது பக்கம் திரும்புங்க" என்று கையை நீட்டிவிடுகிறோம். பிள்ளையார் கோயில் இல்லாத தெரு ஏது? அந்த மனிதர் வெயிலில் அலைந்து களைத்துத் திரும்பி வரும்போது நாம் அந்தத் திண்ணையில் இருப்பதில்லை.

நானும் ஒரு தடவை அப்படி வழி சொன்னேன். கேட்டவர் வெளியூர்க்காரர் அல்ல, என் சித்தப்பா. கேட்டதும் அவருடைய சொந்த ஊருக்குத்தான் வழி. ஒரே ஒரு வித்தியாசம்: அவர் அலைந்து திரும்பியபோது நான் திண்ணையிலேயே இருந்தேன். ஓடி ஒளிய இடமில்லை.

சித்தப்பா 1979-ல் லண்டனுக்குப் போனவர். நகரத்தின் மேற்குக் கோடியில் ஒரு பிஸ்கோத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை. முப்பத்தேழு வருஷம் உழைத்து, ஒரு சின்ன வீடு வாங்கி, ஒரே பெண்ணைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்து, இடையிலே பிரிட்டிஷ் பிரஜையாகவும் ஆகிவிட்டார். 2016 பிப்ரவரியில் மகாமகத்துக்காகக் கும்பகோணம் வந்தார். குளத்தில் முழுகி எழுந்தவர், ஈரத் துண்டோடு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "போதும்டா. வர்ற ஆகஸ்டிலே அறுபத்தஞ்சு முடியுது. பென்ஷன் வந்துடும். இங்கேயே வந்துடலாம்னு பார்க்கிறேன். நீ என்ன சொல்றே? நீ நாலு பேர் படிக்கிறமாதிரி எழுதறவன். நீ சொன்னா சரியா இருக்கும்."

பட்டம் வாங்காமல் கல்லூரிப் படியிறங்கியவனை இப்படி ஒரு பெரியவர் கேட்டால் அவனுக்குத் தலை சுற்றாதா? எனக்குச் சுற்றியது. உடனே குருபீடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். சித்தப்பாவுக்குக் கும்பகோணம் பிறந்த ஊர். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது வெளிநாடு. இந்திய அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவரிடம் இருந்தது ஓ.சி.ஐ. அட்டை. ஓ.சி. என்றதும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய வம்சாவளியினருக்காக 2005-06-ல் வந்த ஏற்பாடு அது. பெயரில் 'குடிமகன்' என்று இருந்தாலும் வோட்டு கிடையாது. விசா வாங்காமல் வரலாம், ஆயுள் முழுவதும் தங்கலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். சயாமுக்கோ மலேயாவுக்கோ போய்த் தங்கப்போகிற வெள்ளைக்காரர் பத்துப் பேரை விசாரிப்பார். பிறந்த ஊருக்குத் திரும்புகிறவர் யாரை விசாரிப்பார்? அவருக்கு அது அந்நிய நாடு என்றே தோன்றுவதில்லை. அதில்தான் அபாயம்.

சித்தப்பாவுக்கு முதலில் வாய்த்த ஆலோசகர் ஒரு நிலத் தரகர். அருமையான மனிதர். காலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். வழியில் டிகிரி காப்பி வாங்கித் தருவார். ஒரு காசு வாங்கமாட்டார். ஆற்றங்கரையில் தென்னையும் மாவுமாக இரண்டு ஏக்கர் காட்டினார். சித்தப்பாவின் கண்கள் மின்னின. "ஓ.சி.ஐ. இருக்கில்ல சார்? எல்லாம் வாங்கலாம்" என்றார் தரகர். நான் லேசாகச் சந்தேகப்பட்டதும், "அப்படி ஏதாவது இருந்தா உங்க பேர்லே எழுதிட்டாப் போச்சு. அண்ணன் பிள்ளைதானே?" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன்: அந்த யோசனை எனக்கு இனித்தது. சித்தப்பாவின் பணத்தில், என் பேரில், ஆற்றங்கரைத் தோப்பு! சித்தப்பாவோ, "இவன் பேர்லே இருந்தா என்ன, என் பேர்லே இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டார்.

முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாள், பத்திரத்தை யாரிடமாவது காட்டுவோம் என்று பழைய பத்திர எழுத்தர் ஒருவரிடம் போனோம். ஒடுக்கமான அறை, மூக்கு நுனியில் கண்ணாடி. காப்பியும் இல்லை, உபசாரமும் இல்லை. "பார்த்துச் சொல்ல 300 ரூபாய். முதல்லே வைங்க" என்றார். சித்தப்பாவுக்கு முகம் சுளித்தது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர் பாஸ்போர்ட்?"

பதிலைக் கேட்டதும் காகிதங்களை மூடிவிட்டார். "நஞ்சை நிலம். உங்களுக்கு ஆகாது. அண்ணன் பிள்ளை பேர்லே வாங்கினா அது பினாமி. 1988-லேயே சட்டம் போட்டுட்டான். அக்ரகாரத்துப் பக்கம் பழைய வீடு ஏதாவது பாருங்க. அதுக்கு ஒரு தடையும் இல்லே." அதே வருஷம் நவம்பர் முதல் தேதியிலிருந்து அந்தச் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. பினாமிக்கு ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை சிறை, சொத்தும் பறிபோகும். 300 ரூபாய் எங்கள் இருவரையும் எதிலிருந்து காப்பாற்றியது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எழுந்திருக்கும்போது சித்தப்பா பேச்சுவாக்கில், "லண்டன் வீட்டை வித்துட்டு வரலாம்னு இருக்கேன். பென்ஷன் இங்கே வந்துடுமில்லே?" என்று கேட்டார்.

"நிலம் எனக்குத் தெரியும். சீமைப் பென்ஷன் எனக்குத் தெரியாது" என்றார் அந்த மனிதர். "கொடுக்கிறவனையே எழுதிக் கேளுங்க. பதிலை எழுத்திலே வாங்குங்க. அதுக்கப்புறம் வீட்டை வில்லுங்க."

வெளியே வந்ததும் நான் சிரித்தேன். "இதைப் போய் எழுதிக் கேக்கணுமா? பென்ஷன்னா எங்கே இருந்தாலும் வரும் சித்தப்பா. வருஷா வருஷம் ஏறவும் ஏறும். அங்கே பூட்டிக் கிடக்கிற வீடு இனிமே எதுக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? என் தகப்பனார் தமிழ்நாடு அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அகவிலைப்படி ஏற ஏற அவருடைய பென்ஷனும் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உலகத்துப் பென்ஷன் எல்லாம் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அறிவு அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அன்பு.

சித்தப்பா வீட்டை விற்றார். 2017 தை மாதம் சித்தியோடு வந்து சேர்ந்தார். கும்பகோணத்தில் முற்றம் வைத்த வீடு, வாசலில் கோலம், காலையில் காவிரி, மாலையில் கோயில். நான் வழி சொன்ன பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

2019-ல் ஒரு நாள் அவர் வீட்டு அலமாரியில் எதையோ தேடியபோது ஒரு கடிதம் கையில் அகப்பட்டது. பென்ஷன் அலுவலகத்திலிருந்து வந்தது. வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. நீங்கள் வசிக்கும் நாட்டில் உங்கள் பென்ஷன் உயராது என்று அதில் கண்டிருந்தது.

பிரிட்டிஷ் அரசின் பென்ஷன் ஒவ்வொரு ஏப்ரலிலும் உயரும். விலைவாசி, சம்பள உயர்வு, இரண்டரை சதவீதம் என்ற மூன்றில் எது அதிகமோ அதன்படி ஏற்றுவது என்பது 2011-லிருந்து அவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். அந்தப் பென்ஷன்காரர் அமெரிக்காவில் போய் இருந்தாலும் உயரும். பிலிப்பைன்ஸில் இருந்தாலும், ஜமைக்காவில் இருந்தாலும் உயரும். இந்தியாவில் இருந்தால் உயராது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் உயராது. ஊரை விட்டுப் போன நாளில் என்ன தொகையோ, அதுவே ஆயுளுக்கும். எந்த நாட்டோடு அதற்கான ஒப்பந்தம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. யார் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு சந்தா கட்டினார் என்பது கணக்கில்லை. இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் 2005-ல் பிரபுக்கள் சபையிலும் 2010-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றார்கள். இப்படி உறைந்த பென்ஷன் வாங்குகிறவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர்.

சித்தப்பாவின் தொகை 2016-ன் முழுத் தொகை: வாரம் 155 பவுண்டு 65 பென்ஸ். லண்டனிலேயே இருந்திருந்தால் 2025 ஏப்ரலில் அது 230 பவுண்டு 25 பென்ஸ் ஆகியிருக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்த விதி ஒன்றும் ரகசியம் அல்ல. எந்தெந்த நாட்டில் உயரும் என்ற பட்டியலை அந்த அரசே வெளியிட்டிருக்கிறது. ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "ஏன் சித்தப்பா என்கிட்டே சொல்லலே?"

"சொன்னா நீ வருத்தப்படுவே."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டீங்க இல்லே?"

அவர் சற்று யோசித்தார். "வந்திருப்பேன்டா. ஆனா வீட்டை வித்திருக்க மாட்டேன். வாடகைக்கு விட்டிருப்பேன்."

என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. நான் அவருடைய பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தேர்ந்தெடுக்கிற வாய்ப்பை எடுத்துவிட்டேன். திரும்பிப் போய் அங்கேயே குடியிருந்தால் பென்ஷன் அன்றைய முழு அளவுக்கு உயர்ந்துவிடும். ஆனால் திரும்பிப் போக வீடு எங்கே?

அதற்குப் பிறகு நான் பல நாள் யோசித்தது அந்த மூன்று பேரைப் பற்றித்தான். தரகர் காசு வாங்காமல் வழி சொன்னார். அவருக்கு வரவேண்டியது நிலத்தின் விலையிலிருந்து வரும். நிலம் வேண்டாம் என்று அவரால் சொல்லவே முடியாது. அவர் கெட்டவர் அல்ல. அவருடைய பிழைப்பு அப்படி. முதலீட்டு ஆலோசனை சொல்லுகிறவர்கள் விற்கிற கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று பிரிட்டனில் 2012 கடைசியில் விதி செய்தார்கள். இங்கே செபியும் 2013-ல் ஆலோசகர் வேறு, விற்பனை முகவர் வேறு என்று கோடு கிழித்தது. ஆலோசகருக்குக் கூலி கேட்பவரிடமிருந்தே வரவேண்டும். எங்கள் பத்திர எழுத்தர் அந்த விதியை 300 ரூபாயில் தாமாகவே கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

தரகரைச் சந்தேகிக்க எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது ஆளான என்னை யார் சந்தேகிப்பார்கள்? எனக்குக் கமிஷன் இல்லை, கபடம் இல்லை. உயிரையே வைத்திருந்தேன் அவர் மேல். தரகர் சொன்ன பொய்யை ஒரே நாளில் ஒருவர் உடைத்துவிட்டார். நான் அன்போடு சொன்ன தப்பை எவரும் உடைக்கவில்லை. கேட்டவருக்கே சந்தேகப்பட மனம் வரவில்லையே! வழி கேட்பவர் சொல்லுகிறவரின் மனத்தைப் பார்த்து நம்பிவிடுகிறார். பார்க்கவேண்டியது, இந்த மனிதர் எந்த இடத்தில் "எனக்குத் தெரியாது" என்று நிற்கிறார் என்பதை. பத்திர எழுத்தர் பென்ஷனில் நின்றார். அதனாலேயே நிலத்தைப் பற்றி அவர் சொன்னதை நம்பலாம். நான் எங்கேயும் நிற்கவில்லை.

பின்னால் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. லண்டன் நண்பர் ஒருவர் தொலைபேசியில், "பாஸ்போர்ட் இருக்கு, முப்பத்தேழு வருஷம் வரி கட்டியிருக்கே. இங்கே வந்து தர்ம ஆஸ்பத்திரியிலே ஆபரேஷன் பண்ணிக்கோ" என்றார். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். பழைய வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாது சித்தப்பா. கேட்டுடுவோம்" என்றேன். அவருடைய பெண் அங்கே விசாரித்து எழுதினாள்: அந்த நாட்டு இலவச வைத்தியத்துக்குப் பாஸ்போர்ட்டும் வரியும் கணக்கில்லை, அங்கே குடியிருப்பதுதான் கணக்கு. வெளியூரில் குடியேறிவிட்டவர் இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் போனால் பணம் கட்டவேண்டியிருக்கும். சித்தப்பா சேமிப்பிலிருந்து எடுத்துத் தஞ்சாவூரிலேயே செய்துகொண்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறுபடியும் படித்துறையில் இறங்குகிறார்.

போன மாதம் சித்தப்பாவின் பழைய தொழிற்சாலைச் சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் ஊர் திரும்ப ஆசை. திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி, நீங்க எழுதறவராமே. உங்களைக் கேட்டா எல்லாம் தெரியும்னாங்க..." என்று ஆரம்பித்தார்.

நான் பதில் சொல்வதற்குள் சித்தப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அவனைக் கேட்காதேப்பா. அவனுக்கு என் மேலே ரொம்பப் பிரியம்."

வந்தவருக்குப் புரியவில்லை. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அவரைப் பத்திர எழுத்தர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அந்த வழி எனக்கு நிச்சயமாகத் தெரியும்.