முதலிடம் யாருக்கு?

1966 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கி, 1980-களில் நம் தூரதர்ஷனிலும் வந்த 'ஸ்டார் டிரெக்' விண்வெளித் தொடரின் முதற் பருவத்தில் 29 அத்தியாயங்கள். அவற்றுள் முதலிடம் எதற்கு என்பதில் மேலப்பாளையத்து நம் வீட்டில் இன்றும் இணக்கமில்லை.

உலக ரசிகர் பலர் 'நித்தியத்தின் விளிம்பில் ஒரு நகரம்' என்பர். வரலாறு பிறழாதிருக்க, தான் நேசித்த பெண்ணைச் சாகவிடும் கப்பல் தலைவனின் துயரம் அது. இளையவர்களுக்கோ பல்லி மனிதனோடு நிகழும் மற்போர்! அதனை ஐந்தாமிடத்துக்கு மேல் ஏற்ற நமக்கு மனமில்லை.

நமது தேர்வு 'இருளில் சாத்தான்'. சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் பூதத்தைத் தேடிச் சென்றால், அது ஒரு தாய். பயனற்றவையென அவர்கள் உடைத்தெறிந்த உருண்டைக் கற்களே அதன் முட்டைகள். "கொல்லாதீர்" என்னும் பொருள்படப் பாறையில் சொற்களைப் பொறிக்கிறது அது. சிலிக்கனாலான அதன் உடற்காயத்துக்கு மருத்துவர் கொத்தனாரைப்போல் காரை பூசுவது தனி வேடிக்கை.

அந்தச் சிலிக்கன்தான் நம் ஆற்று மணலிலும் இருப்பது. தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. நீரைத் தேக்கிவைக்கும் மணல் அதற்குள் எவ்வளவோ போய்விட்டிருந்தது.

"அது கல்லுலயாவது எழுதிக் காட்டுச்சு, ஆறு என்ன செய்யும்?" என்றார் நம் இல்லத்தார். ஆயினும் அவர் வாக்கு இன்னும் அந்த நகரத்துக்கே.