மாரிக்குப்பம் வரை ஒரு நீராவி வண்டி

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெரும்பாதையில், ஜோலார்ப்பேட்டையைக் கடந்து மேட்டுநிலம் ஏறியபின் வரும் சந்திப்பு நிலையம் பங்காருப்பேட்டை. மைசூர்ச் சீமையின் ஆணையராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்னாளில் இவ்வூர் பௌரிங்பேட்டை எனப்பட்டது. இங்கிருந்து ஏறத்தாழ பத்து மைல் நீளமுள்ள கிளைப்பாதை ஒன்று பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைத் தொட்டு, மாரிக்குப்பத்தில் அது முடிகிறது. பாதை நெடுகிலும் சாம்பல் நிறக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. அவை இயற்கை அமைத்த குன்றுகள் அல்ல. பாறையைப் பொடித்துப் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண்ணே நூறாண்டுக் காலத்தில் மலையாகக் குவிந்தது. மக்கள் அதைச் சயனைடு மலை என்றே சொல்லுகின்றனர்.

கோலார் தங்கவயல் என்ற பெயரைக் கேட்டதும் நெஞ்சம் நெகிழும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்குச் சுரங்க வேலையைத் தொடங்கியது. அதன்பின் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் இங்கு வந்தனர். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற நம் முன்னோருக்குத் தங்கவயல் ஒரு முதல் தங்குமிடம். 1894-இல் இக்கிளைப்பாதை திறக்கப்பட்டது. வெளியிலிருந்து சுரங்கத்திற்கு வந்த நிலக்கரியும், இயந்திரங்களும், அரிசி மூட்டைகளும், ஆட்களும் இவ்வழியேதான் வந்து சேர்ந்தனர். இப்பாதையைப் பற்றிய நினைவு, ஊரைப் பற்றிய நினைவினின்று வேறன்று.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ இரண்டு மைல் ஆழம் வரை சென்ற குழிகளில் இன்று நீர் நிறைந்து நிற்கிறது. ஆயினும் ஊர் அழியவில்லை. நாள்தோறும் விடியற்காலையில் ஆடவரும் பெண்டிரும் ஆயிரக்கணக்கில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். முன்பு மக்களைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்த பாதை, இப்போது அவர்களைப் பிழைப்புக்காக வெளியே கொண்டு செல்கிறது. சுரங்கம் போனபின் இந்த ஊருக்கு உணவளிப்பது இந்தப் பத்து மைல் இருப்புப்பாதைதான் என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வூரிலிருந்து வெளிநாடுகளுக்கும் வெளிமாநிலங்களுக்கும் சென்று வாழும் அன்பர்கள் கூடும்போதெல்லாம் ஓர் ஆசை எழுவது இயல்பு. பழைய நீராவி எஞ்சின் ஒன்றைச் செப்பனிட்டு, பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை விடுமுறை நாட்களில் ஓட்டினால் என்ன? சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும். நம் பிள்ளைகளும் பாட்டன் பூட்டன் வந்த வழியைக் காண்பார்கள். ஆளுக்குச் சிறிது பணம் போட்டால் முடியாதா?

ஆசை நல்லது. ஆனால் சேமிப்புப் பணம் வியர்வையின் பயன். ஆதலால் ஆசையைக் கணக்கேட்டின் முன் நிறுத்திப் பார்ப்பதே முறை.

முதலில் தங்கவயலின் வரலாறே நமக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. தொடக்க காலத்தில் சுரங்கத்தின் இயந்திரங்கள் நீராவியால் இயங்கின. அதற்கு வேண்டிய நிலக்கரி வெகு தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது, செலவோ மிகுதி. இதனாலேயே மைசூர் அரசாங்கம் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தங்கவயலுக்கு வழங்கியது. அந்நாளில் உலகமே வியந்த சாதனை அது. பூமிக்குள்ளிருந்து பொன்னையே எடுத்துக்கொண்டிருந்த கம்பெனிகளும் நீராவியின் செலவைப் பெருஞ்சுமையாகக் கருதின என்றால், பொன் தீர்ந்த ஊரில் நாம் அச்சுமையைத் தூக்க எண்ணும்போது எவ்வளவு எண்ணிப் பார்க்க வேண்டும்!

நீராவி எஞ்சின் மற்ற வண்டிகளைப் போன்றதன்று. விசையைத் தட்டியதும் அது புறப்படாது. குளிர்ந்த கொதிகலனில் நெருப்பு மூட்டி, வேண்டிய அழுத்தம் வருவதற்குப் பல மணி நேரம் ஆகும். காலை ஒன்பது மணிக்கு வண்டி புறப்பட வேண்டுமானால் நள்ளிரவு கழிந்ததுமே ஆட்கள் வேலையைத் தொடங்கவேண்டும். ஓட்டம் முடிந்தபின் சாம்பலை வாரி, புகைப்பெட்டியைத் துடைத்து, குறிப்பிட்ட நாட்களுக்கொரு முறை கொதிகலனின் உட்புறத்தைக் கழுவவும் வேண்டும். வண்டியில் அறுபது பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் இச்செலவில் குறைவு இல்லை. இன்னொன்றும் உண்டு. கொதிகலனை ஓடும்போது மட்டுமன்றி, நிற்கும்போதும் துரு தின்கிறது. பிரிட்டனில் இத்தகைய எஞ்சின்களைச் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை முற்றும் பிரித்து, கொதிகலனைச் சோதித்துப் புதுப்பிக்கின்றனர். அப்போது வருமானம் நின்றுவிடும், செலவோ பன்மடங்காகும். ஒன்பதாண்டு ஆதாயத்தைப் பத்தாம் ஆண்டு விழுங்கிவிடும் தொழில் இது.

நம் நாட்டில் இதன் அனுபவம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் முடிவுற்றது. 1855-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘பேரி குயின்’ என்னும் எஞ்சினை 1997-இல் மீண்டும் உயிர்ப்பித்து, தில்லியிலிருந்து ஆல்வாருக்குச் சுற்றுலா வண்டியாக ஓட்டினர். உலகின் மிகப் பழைய ஓடும் எஞ்சின் என்று அது புகழ்பெற்றது. ஆனால் அந்தச் சிறிய எஞ்சின் இழுத்தது சுமார் 60 இருக்கைகள் கொண்ட ஒரே பெட்டியைத்தான். உலகமே வந்து வரிசையில் நின்றாலும் ஒரு பயணத்திற்கு அறுபது சீட்டுக்கு மேல் விற்க இயலாது. 2011-இல் கொட்டகையில் இருந்தபோது அதன் பாகங்கள் பல களவுபோயின. கடையில் வாங்கக்கூடிய பொருள்களா அவை? சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைக்கு அனுப்பியே அதைச் செப்பனிட வேண்டியதாயிற்று. மத்திய அரசின் ரயில்வே அதன் பின்னால் இருந்ததால் அது பிழைத்தது. தனியொரு சங்கத்தின் உடைமையாக இருந்திருந்தால் அதன் கதை அன்றே முடிந்திருக்கும்.

நம் நீலகிரி மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்ட இப்பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் அவ்வண்டியில் இடம் கிடைப்பது அருமை. எனினும் சீட்டு விற்ற பணம் செலவை ஈடு செய்வதில்லை. எஞ்சியதை ரயில்வே ஏற்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதையை மூடினால் பல நாட்கள் வண்டியே ஓடாது. சம்பளமும் பராமரிப்பும் மட்டும் நில்லாமல் ஓடும். பழைய சுவிஸ் எஞ்சின்கள் தேய்ந்துபோனதால், 2011 முதல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையில் புதிய நீராவி எஞ்சின்களையே செய்ய நேர்ந்தது. இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் நிறைந்த வண்டியின் நிலைமையே இது!

இதே பாதையில் 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு பிரிட்டிஷ் தம்பதியர் தங்களுக்கென்றே தனி வண்டி அமர்த்திப் பயணம் செய்தனர். அதற்கு ஏறத்தாழ மூன்று லட்ச ரூபாய் ஆனதாகச் செய்தி வந்தது. இத்தொகையை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பயணத்திற்கு மூன்று லட்சம் செலவு, இருக்கைகள் அறுபது என்று வைத்துக்கொண்டால், எல்லா இடமும் நிறைந்தால்தான் ஒரு சீட்டு ஐயாயிரம் ரூபாய்க்கு அடங்கும். நாற்பது பேர் மட்டும் வந்தால் அந்த ஒரு நாளில் ஒரு லட்சம் இழப்பு. முதல் மாதம் ஊரே திரண்டு வரும். ஏழாம் மாதம் யார் வருவார்? சீட்டின் விலையை உயர்த்தினால் வருவோர் குறைவர். குறைத்தால் இழப்பு மிகும். இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவேதான் இத்தொழில் முழுவதும் நடக்கிறது.

அயல்நாட்டில் இதைவிடப் பெரிய பாடம் உண்டு. 1923-இல் செய்யப்பட்ட ‘பிளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்னும் எஞ்சினை, உடைத்துப் போடாமல் காப்பதற்காக, 1963-இல் ஆலன் பெக்லர் என்னும் செல்வர் 3,000 பவுனுக்கு வாங்கினார். விலை மலிவுதான். 1969-இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று ஊர் ஊராக ஓட்டினார். மக்கள் திரண்டனர், பாராட்டினர். ஆனால் பாராட்டு பணமாகவில்லை. அரசாங்க ஆதரவும் இடையில் நின்றது. 1972-இல் அவர் கடனாளியாகித் திவாலானார். அடுத்த ஆண்டு வில்லியம் மெக்கால்பைன் என்பவர் எஞ்சினை மீட்டுத் தாய்நாடு சேர்த்தார். 1996-இல் அதை வாங்கிய டோனி மார்ச்சிங்டன் என்பாரும் 2003-இல் திவாலானார். மறு ஆண்டு பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் சுமார் 23 லட்சம் பவுனுக்கு அதை வாங்கியது. பின்னர் செப்பனிடுவதற்கு மட்டும் ஏறத்தாழ 42 லட்சம் பவுன் ஆயிற்று. 2016-இல்தான் அது மீண்டும் ஓடியது. உலகப் புகழ்பெற்ற ஓர் எஞ்சின், அறிவிலும் செல்வத்திலும் குறையாத இருவரை வீழ்த்தியது. வாங்கும் விலையைக் கண்டு மயங்கியவர், வைத்துக் காக்கும் செலவைக் காணவில்லை.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு நவம்பரில் ‘பாரத் கௌரவ்’ என்னும் திட்டம் வந்தது. தனியாரும் பெட்டிகளைக் குத்தகைக்கு எடுத்துச் சுற்றுலா வண்டி நடத்தலாம். 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்கு முதல் வண்டி புறப்பட்டது. இதில் வைப்புத்தொகையும், பயன்படுத்தும் உரிமைக்குக் கட்டணமும், இழுத்துச் செல்லும் கூலியும் ரயில்வேக்குச் செலுத்தவேண்டும். சீட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் அக்கடமை நடத்துவோருடையது. டீசல், மின்சார எஞ்சின்களுக்கே இந்நிலை என்றால் நீராவிக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி மாரிக்குப்பத்திற்கு வருவோம். பாதை நம்முடையதன்று; ரயில்வேயினுடையது. காலையும் மாலையும் அதில் உழைப்பாளர் வண்டிகளுக்கே முதலிடம் தரவேண்டும். அவற்றைத் தாமதப்படுத்தி நாம் உல்லாசப் பயணம் போவது அறமாகாது. நீராவி எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கான காலன் நல்ல நீர் வேண்டும். தங்கவயலோ பேத்தமங்கலத்து ஏரிநீரை எதிர்பார்த்து வாழ்ந்த ஊர். அங்கே குடிநீரே அரும்பொருள். கொதிகலனை அறிந்த பழைய தொழிலாளர்களும் அருகிவருகின்றனர். ஆளைப் பழக்குவதற்கும் ஆண்டுகள் ஆகும், பொருளும் ஆகும்.

அப்படியானால் ஆசையைப் புதைத்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. எவரேனும் இத்தகைய திட்டத்துடன் நம் சங்கத்தையோ குடும்பத்தையோ நாடி வந்தால், சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். எஞ்சின் யாருடையது? கொதிகலனைக் கடைசியாகச் சோதித்தவர் யார், எப்போது? அடுத்த பெரும் பழுதுபார்ப்புக்கு இப்போதே நிதி ஒதுக்கியிருக்கிறார்களா? விபத்து நேர்ந்தால் காப்புறுதி எவ்வளவு தூரம் தாங்கும்? பயணம் நின்றுபோனால் முன்பணம் கட்டியவர்க்குத் தொகை திரும்புமா? முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கிறார்களா, அன்றாடச் செலவுக்கு எடுக்கிறார்களா? இழப்பு வந்தால் நாம் போட்ட தொகையோடு நம் பொறுப்பு முடியுமா, அல்லது வீடு வாசல் வரை தொடருமா? இவற்றுக்கு எழுத்தில் விடை கிடைக்காத இடத்தில் ஒரு ரூபாயும் போடலாகாது.

கொடுக்க விரும்புவோர் நன்கொடையாகக் கொடுக்கட்டும். திரும்பி வரும் என்று எண்ணாமல் கொடுக்கட்டும். முதலீடு என்ற பெயரில் பெண்ணின் படிப்புக்கும் முதுமைக்கும் வைத்த பணத்தைக் கொதிகலனில் போடவேண்டாம். சொந்தமாக எஞ்சின் வைத்துக்கொள்வதைவிட, ரயில்வே ஓட்டும் வண்டியில் ஒரு நாளைக்கு இடம் அமர்த்துவது எளிது. அதில் இழப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதனினும் எளியது, இன்று ஓடும் சாதாரண வண்டியில் பிள்ளைகளை அழைத்துச் செல்வது. உரிகத்தில் இறங்கி, ஓய்ந்து நிற்கும் சுரங்கக் கோபுரங்களைக் காட்டலாம். ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் நடந்து, முதிய சுரங்கத் தொழிலாளர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு எழுதி வைக்கலாம். அவர்கள் குறைந்துகொண்டே வருகின்றனர். இரும்பைப் பின்னர் செப்பனிட்டுக் கொள்ளலாம், மறைந்த நினைவைச் செப்பனிடப் பணிமனை எங்கும் இல்லை.

தங்கவயலில் இறங்கி உழைத்தவர்கள் பாறையில் பொன் எவ்வளவு, கல் எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்த்தே அடுத்த அடியைத் தோண்டினர். அவர்கள் வழிவந்த நாமும் நம் ஆசைகளை அவ்வாறே எடைபோடக் கற்றுக்கொள்வோமாக.