ஆறவிட்டு அளப்பது

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறேன். காலை எட்டரைக்குப் பஞ்ச் போட்டால் வெளியே வர ஆறு மணி ஆகும். மாதக் கடைசியில் டிஸ்பேட்ச் நெருக்கினால் ஒன்பதும் ஆகும். இந்த வேலையில் இருந்துகொண்டே ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான கேட் தேர்வை 2021, 2022, 2023 என்று மூன்று முறை எழுதினேன். கோச்சிங் போகவில்லை. பழைய வினாத்தாள்களும் மாக் டெஸ்ட்டுகளும் ஒரு நீள நோட்டும்தான் வைத்திருந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே தயாராக நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக, என் கைக்குப் பழகியதை எழுதுகிறேன்.

முதல் வருஷம் ராத்திரியில் படித்தேன். அது தப்பு. பத்து மணிக்குப் படித்து விடை சொல்லும் ஆர்.சி. பத்தி ஒன்றை எடுத்தால் மூன்றாவது வரியில் கண் நின்றுவிடும். அதே வரியை நாலு தரம் படிப்பேன். பிறகு காலை நாலே முக்காலுக்கு எழுந்து ஆறே முக்கால் வரை உட்காரப் பழகினேன். இரவுக்கு இருபது நிமிஷம் போதும். அதில் புதிதாக எதையும் தொடுவதில்லை, என் தப்புகளை எழுதி வைக்கும் அந்த நீள நோட்டை மட்டும் புரட்டுவேன்.

அந்த நோட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் மெஷின் ஷாப்பில் ஒரு ஃபோர்மேன் இருக்கிறார், முப்பது வருஷம் லேத்தில் நின்ற கை. ஒருநாள் அவசரமாக ஒரு ஷாஃப்ட் அளவு கேட்டுப் போனேன். கடைந்து முடித்த ஜாப் மெஷினிலேயே இருந்தது, மைக்ரோமீட்டர் அவர் சட்டைப் பையில் இருந்தது, அவரோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சூட்டோட அளந்தா கூடக் காட்டுங்க தம்பி. அதை நம்பி இன்னொரு கட் போட்டா ஜாப் ரிஜெக்ட்டுதான். ஆறட்டும்" என்றார். கேட் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனால் என் தயாரிப்பில் நான் செய்துகொண்டிருந்த பெரிய தப்பை அன்று அவர்தான் காட்டினார்.

ஞாயிறு காலையில் இரண்டு மணி நேர மாக் எழுதுவேன். முடித்த சூட்டிலேயே தீர்வுகளைத் திறப்பேன். படிக்கப் படிக்க எல்லாம் தெரிந்ததாகவே இருக்கும். அடுத்த வாரமும் அதே வகைக் கணக்கில் அதே இடத்தில் விழுவேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடை பார்ப்பதை நிறுத்தினேன். தவறவிட்ட கணக்குகளை நோட்டில் குறித்துக்கொண்டு திங்களும் செவ்வாயும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுவேன். அப்போதும் வராவிட்டால்தான் புதன்கிழமை தீர்வு. கணக்கு தெரியாமல் விட்டேனா, தெரிந்தும் அவசரத்தில் விட்டேனா என்பது அப்படிப் போட்டால்தான் பிரிந்து தெரிகிறது. என் நோட்டில் முக்கால்வாசி இரண்டாவது ரகம்.

ஒன்று சொல்கிறேன். மூன்று முழு எண்களின் கூட்டல் 10, எத்தனை விதமாக வரும் என்று ஒரு கணக்கு. பார்முலா விரல் நுனியில் இருந்தது. 66 என்று போட்டேன். கேள்வியில் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் இருந்தது. பூஜ்யம் வரக்கூடாது என்றால் விடை 36. இதே தப்பை வேறு வேறு உருவத்தில் ஆறு முறை செய்திருக்கிறேன். ஆறும் தேதியோடு நோட்டில் இருக்கின்றன.

கை வேகத்துக்குப் பின்னங்கள். திரையில் கால்குலேட்டர் உண்டுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் மவுஸைத் தேடிப் போனால் நிமிஷங்கள் கரைந்துவிடும். 14.28 சதவீதம் என்றால் ஏழில் ஒன்று, 12.5 என்றால் எட்டில் ஒன்று. விலையை 14.28 சதவீதம் ஏற்றி 12.5 சதவீதம் இறக்கினால் கிட்டத்தட்ட பழைய விலைக்கே வந்து நிற்கும். இதைப் பேனா எடுக்காமல் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. ஒப்புவித்து வரவில்லை, ஆபீஸில் ஸ்கிராப் ரிப்போர்ட் போடும்போதெல்லாம் சதவீதத்தைப் பின்னமாக மாற்றி மாற்றிப் பார்த்து வந்தது.

ஊகித்து அடிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், நாலு தெரிவுகள் உள்ள வினாவில் தவறினால் 1 போகும். கண்ணை மூடி அடித்தால் சராசரியில் மிஞ்சுவது பூஜ்யம். இரண்டு தெரிவுகளை உறுதியாக வெட்ட முடிந்தால் ஒரு வினாவுக்குச் சராசரியாக 1 மிஞ்சும். விடையை நாமே தட்டச்சு செய்கிற வினாவில் தவறினாலும் கழிவு இல்லை. அதை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள்.

என்னை அதிகம் அடித்தது டி.ஐ.எல்.ஆர். என்னும் தரவு, தர்க்கப் பகுதி. நான் எழுதிய வருஷங்களில் நாற்பது நிமிஷம், நாலு வினா செட். நேரம் முடிந்தால் பகுதி பூட்டிக்கொள்ளும், திரும்பி வர முடியாது. 2022-இல் முதல் செட்டைப் பார்த்ததும் அட்டவணை போட ஆரம்பித்தேன். பாதியில் முரண்பாடு வந்தது. அழித்தேன், மறுபடி போட்டேன். நிமிர்ந்தபோது இருபத்திரண்டு நிமிஷம் போயிருந்தது. அந்த வருஷம் அதோடு முடிந்தது. அதன்பிறகு ஒரு வருஷம் முழுக்க, காலையில் நாலு செட் எடுத்து ஐந்து நிமிஷம் படிக்க மட்டும் செய்தேன். எது ஒரே அட்டவணையில் அடங்கும், எது கிளை கிளையாகப் பிரியும், எதை விடலாம் என்று பக்கத்தில் குறிப்பேன். பிறகு நாலையும் போட்டுப் பார்த்து என் குறிப்பு சரியா என்று சோதிப்பேன். சித்திரையில் பாதிக்கு மேல் தப்பாக இருந்தது, ஐப்பசிக்குள் நாலில் மூன்று சரியாக விழுந்தது. 2023 நவம்பர் கடைசி ஞாயிறு, தேர்வு அறையில் முதல் ஐந்து நிமிஷம் பேனாவைத் தொடவில்லை. இரண்டு செட்டை முழுதாக முடித்தேன், மூன்றாவதில் இரண்டு வினா, நாலாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எத்தனை பர்சென்டைல் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்வதால் படிக்கிறவர் கைக்கு ஒன்றும் வராது என்பதால் விட்டுவிடுகிறேன். இப்போது குவாலிட்டியில் வேலை செய்யும் ஒரு பெண் காலை ஏழே முக்காலுக்குக் கேன்டீனில் நோட்டோடு உட்காருகிறாள். போன வாரம் அந்தக் கூட்டல் 10 கணக்கைக் கொடுத்தேன், 66 என்று போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை டீ வாங்கும் வரிசையில் பின்னாலிருந்து, "அண்ணா, பாசிட்டிவ்னு இருந்துச்சுங்க, நான் பார்க்கவே இல்லை" என்றாள்.