பேப்பர்ல வந்ததை ரெஃபரன்ஸா போடலாமா?

போன வாரம் ஓபி முடியுற நேரத்துல எங்க சி.ஆர்.ஆர்.ஐ பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. "மேம், நியூஸ் பேப்பர்ல வந்ததை ரெஃபரன்ஸா போடலாமா? கைடு கூடவே கூடாதுங்கறாங்க." அப்புறம் சொல்றேன்மான்னு கேஷுவாலிட்டிக்கு ஓடிட்டேன். பதில் கொஞ்சம் பெருசு, அதனால இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். நாம எழுதுறதும் பேப்பர், டீக்கடையில தொங்குறதும் பேப்பர். இந்த த்ரெட்ல டீக்கடையில இருக்கிறது நாளிதழ், நாம எழுதுறது கட்டுரை.

நான் வெறும் எம்.பி.பி.எஸ். ஆவடி, பூந்தமல்லி பக்கம் அரசு மருத்துவமனையில வேலை. ஹாஸ்டல்ல தங்கி, கம்பெனி பஸ்ல ஷிப்ட்டுக்குப் போற பொண்ணுங்க எங்க ஓபில நிறைய. வாந்தி, பேதின்னு ஒரே ராத்திரியில அஞ்சாறு பேர் சேர்ந்து வருவாங்க. இதைப் பத்தி, கம்யூனிட்டி மெடிசின் படிச்ச ஒரு ஃப்ரெண்டோட சேர்ந்து சின்னதா ஒரு கட்டுரை எழுதினேன்.

முன்னுரையில 2021 டிசம்பர்ல நடந்ததை வெச்சிருந்தேன். இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில, சாப்பாடு ஒத்துக்காம கூட்டமா விழுந்தாங்க. கூட வேலை செஞ்சவங்க செத்துட்டாங்கன்னு ஒரு வதந்தி பரவி, டிசம்பர் 17 ராத்திரி பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைக்கே வந்து உட்கார்ந்துட்டாங்க. உண்மையில யாரும் இறக்கல. ஆனா அந்த மறியலுக்கு அப்புறம்தான் விடுதிகள்ல எத்தனை பேர் எப்படிப் படுக்கிறாங்க, என்ன சாப்பிடுறாங்கன்னு உலகமே பார்த்துச்சு. ஆலையை மூடினாங்க, ஜனவரி 12 தான் திரும்பத் திறந்தாங்க.

இதை நான் எப்படி எழுதினேன்? "250-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர்." ரெஃபரன்ஸ், ஒரு நியூஸ் சைட் லிங்க். அதோட இன்னும் நாலு செய்தி.

ரிவ்யூவர் திருப்பி அனுப்பிட்டார். நாளிதழ் ஏற்கத்தக்க ஆதாரம் இல்லைன்னு ஒரு வரி. அடுத்த வரியில ஒரு கேள்வி: அனுமதிக்கப்பட்டது 250-ஆ, 159-ஆ?

முதல் வரிக்குக் கோவம் வந்துச்சு. ரெண்டாவது வரிக்கு வியர்த்துச்சு. தேடிப் பார்த்தா, அட்மிட் ஆனவங்க 159 பேர். இன்னும் ஒரு நூறு பேர் ஓபில பார்த்துட்டுப் போனவங்க. ரெண்டையும் கூட்டி "250 பேருக்கு மேல பாதிப்பு"ன்னு ஒருத்தர் சரியாத்தான் எழுதியிருக்கார். அதைப் பார்த்து எழுதினவர் கையில "பாதிப்பு", "அனுமதி" ஆயிடுச்சு. நான் மூணாவது ஆள், அப்படியே இறக்கிட்டேன். ஓபிக்கும் ஐபிக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டர்னு ரிவ்யூவர் நினைச்சிருப்பார்.

சரி, நாளிதழே வேணாம், நம்ம ரெஜிஸ்டர் போதும்னு உட்கார்ந்தேன். அங்கதான் அசிங்கமா போச்சு. எங்க ரெஜிஸ்டர்ல என்ன இருந்துச்சு தெரியுமா? பேரு, வயசு, "ஏ.ஜி.இ.", ஓ.ஆர்.எஸ்., ஒரு ஐ.வி. விலாசத்துல வெறும் ஊர்ப் பேரு. எந்த ஹாஸ்டல், எந்தக் கம்பெனி, ராத்திரி என்ன சாப்பிட்டாங்க, கூட எத்தனை பேருக்கு இதே மாதிரி, ஒண்ணும் இல்ல. பாதிப் பக்கம் என் கையெழுத்து. அதுல ஒரு சம்பவம் நாளிதழோட உள்ளூர்ப் பக்கத்துல நாலு வரி வந்திருந்தது. தெரு, நேரம், என்ன சாப்பாடு, எல்லாம் அந்த நாலு வரியில இருந்துச்சு. எம்.பி.பி.எஸ். படிச்ச நான் கேட்காததை ஒரு நிருபர் கேட்டிருக்கார்.

நாளிதழைத் தூக்கிப் போடவும் முடியல, அப்படியே நம்பவும் முடியல. ஒவ்வொரு ரெஃபரன்ஸா எடுத்து, இது எதுக்கு சாட்சின்னு கேட்டோம். மறியல் நடந்ததுக்கு, வதந்தி பரவினதுக்கு, பெண்கள் என்ன கேட்டாங்கங்கறதுக்கு நாளிதழை விட நல்ல சாட்சி கிடையாது. அதெல்லாம் எந்த கேஸ் ஷீட்லயும் இருக்காது. எண்ணிக்கைன்னா நிருபருக்கே ஒரு அதிகாரிதான் சொல்லியிருப்பார், அந்த அறிக்கையைத் தேடிப் போகணும். எந்தக் கிருமி, எதனால வந்துச்சுன்னா நாளிதழை எடுக்கவே கூடாது, கல்ச்சர் ரிப்போர்ட் வேணும். அஞ்சு செய்தியில மூணை எடுத்துட்டோம்.

மீதி ரெண்டுக்கு ரிவ்யூவருக்குப் பதில் எழுதினோம். நோய்க் கண்காணிப்புத் திட்டமான ஐ.டி.எஸ்.பி.லயே 2008-ல இருந்து ஊடகச் செய்திகளைப் பார்க்க ஒரு தனிப் பிரிவு டெல்லியில இருக்கு. செய்தி வந்தா மாவட்டத்துக்கு அனுப்பி, உண்மையான்னு விசாரிப்பாங்க. அரசாங்கமே படிக்குது, ஆனா விசாரிச்சுட்டு நம்புது. அதைத்தான் நாங்களும் செஞ்சிருக்கோம்னு எழுதினோம்.

இதுல ஒரு வேடிக்கை. நாளிதழை மதிக்கிறதில்லைன்னு டாக்டர்கள் சொல்றது சும்மா. 1991-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்லயே ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த ஜர்னல் கட்டுரைகள்ல நியூயார்க் டைம்ஸ் செய்தியாப் போட்டதை, போடாததோட ஒப்பிட்டாங்க. போட்டதுக்கு முதல் வருஷம் 72.8 சதவீதம் அதிக சைட்டேஷன். நல்ல கட்டுரையாப் பார்த்துத்தானே செய்தி போடுவாங்கன்னு கேட்பீங்க. அங்கதான் அழகு. 1978-ல 12 வாரம் ஸ்ட்ரைக். அப்போ ஆவணத்துக்காக மட்டும் இதழைத் தயார் பண்ணினாங்க, விக்கல. அதுல வந்த கட்டுரைகளுக்கு அந்தக் கூடுதல் இல்ல! கட்டுரையில நாளிதழைக் குறிப்பிட மாட்டோம், ஆனா அதைப் படிச்சுட்டுத்தான் எதைக் குறிப்பிடணும்னு முடிவு பண்றோம்.

சி.ஆர்.ஆர்.ஐ பொண்ணுக்கு நடைமுறை விஷயம் ரெண்டு. வெறும் லிங்க் போடாதம்மா. லிங்க் செத்துடும், இல்ல தலைப்பை மாத்திடுவாங்க. நிருபர் பேரு இருந்தா பேரு, தலைப்பு, நாளிதழ், எந்தப் பதிப்பு, தேதி, பக்கம், காலம் வரைக்கும் எழுது. வான்கூவர் முறையில அதுக்கு இடம் இருக்கு. சென்னைப் பதிப்புல இருக்கிறது வேலூர்ப் பதிப்புல இருக்காது. தமிழ்ச் செய்தின்னா தலைப்பை மொழிபெயர்த்து சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டு, கடைசியில தமிழ்னு மொழியைச் சொல்லணும்.

ரெண்டாவது, அச்சுல பார். எழும்பூர்ல கன்னிமாரா இருக்கு, 1896-ல திறந்தது. இந்தியாவுல வர்ற நூல், நாளிதழ் எல்லாம் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நூலகங்கள்ல ஒண்ணு. நைட் டூட்டி ஆஃப்ல ஆவடியில லோக்கல் ட்ரெயின் பிடிச்சுப் போயிட்டு வந்தேன். அந்த நாலு வரிச் செய்தியைத் தாள்ல தொட்டுப் பார்த்து, பக்க எண்ணைக் குறிச்சுட்டு வந்தேன்.

கட்டுரை வந்துடுச்சு, ரெண்டு நாளிதழ் ரெஃபரன்ஸோட. எங்க ரெஜிஸ்டர்ல என்ன இல்லைங்கறதையும் குறைபாடுகள் பகுதியில எழுதினோம். எழுதும்போது கை கூசுச்சு.

இப்போ வாந்தி பேதின்னு வந்தா ஹாஸ்டல் பேரு கேட்டு எழுதுறேன். முந்தாநாள் ராத்திரி ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், ட்ரிப் போட்ட கையோட கேட்டுச்சு. "எதுக்கு மேடம் ஹாஸ்டல் பேரு? வார்டனுக்குத் தெரியுமா?"

தெரியாதும்மா, உன் பேரை வெளியில சொல்ல மாட்டேன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துச்சு. அப்புறம் ஹாஸ்டல் பேரும் சொல்லுச்சு, கூட இன்னும் நாலு பேர் ரூம்லயே படுத்திருக்காங்கன்னும் சொல்லுச்சு. 108-ஐ அனுப்பினோம்.