சும்மா ஒரு தமாஷுக்கு!

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 'காகா' என்றால் பறவை அல்ல. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் மராட்டியப் பெரியவர். மராட்டியில் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். (மொட்டை மாடியில் வடாம் காயும் நாட்களில் இந்தப் பெயரால் சில குழப்பங்கள் நேர்ந்ததுண்டு. அந்தக் கதை தனி.)

காகாவுக்கு ஊர் புணேவுக்கு அந்தப் பக்கம் நாராயண்காவ். மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டார். வந்த மறுவாரமே தமிழ் படிக்க ஆரம்பித்தார்... அறுபத்தெட்டு வயசில்! வாட்ச்மேன், கீரைக்காரம்மா, எதிர் வீட்டு எல்.கே.ஜி. வாண்டு, இவர்கள்தான் வாத்தியார்கள். "மரியாதையாப் பேசணும்னா கடைசியில ஒரு 'ங்க' போட்டுக்கணும் ஸார்" என்று வாட்ச்மேன் முதல் பாடம் நடத்தினார். காகா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விட்டார். பால் வந்துட்டாங்க. கரண்ட் போயிட்டாங்க. லிஃப்ட் இன்னும் மேலேயே இருக்காங்க. கேட் வாசலில் வழியை மறித்துப் படுத்திருக்கும் தெருநாயிடம், "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். நாயும் தள்ளிப் படுக்கும். அந்த ஜன்மத்துக்கு யார் இவ்வளவு மரியாதை கொடுத்தார்கள்!

இப்படியொரு சரக்கு கையில் கிடைத்தால், நகைச்சுவை எழுதிப் பிழைக்கிற ஆசாமி சும்மா இருப்பானா? போன பொங்கலுக்கு மொட்டை மாடியில் குடியிருப்போர் விழா. சிறுவர்களின் நடனம் முடிந்து, மைக் அடியேன் கைக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு காகாவாக மாறினேன். "பொங்கல் பொங்கிட்டாங்க! கரும்பு கடிக்க விட மாட்டேங்கறாங்க! வடை எங்கே போயிட்டாங்க?"

கைதட்டல் என்றால் கைதட்டல். செக்ரெட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதல் வரிசையில் காகாவும் சிரித்தார். எல்.கே.ஜி. வாண்டு எழுந்து நின்று, "ஐ, காகா மாதிரி!" என்று அவரையே கை காட்டும்வரை.

அப்புறமும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கழற்றி வைக்க மறந்த மாலை மாதிரி. சாப்பிடாமலே எழுந்து போனார். படிக்கட்டில் ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஸார். சும்மா தமாஷா!"

அவர் ஊரிலும் புழங்குகிற வார்த்தையாயிற்றே, சட்டென்று புரியும் என்று நினைத்தேன். நன்றாகவே புரிந்தது.

"ஆமாங்க தம்பி. நான் தமாஷாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து காகா தமிழ் பேசவில்லை. பால் வந்தது, கரண்ட் போனது, யாரும் 'ங்க' போடவில்லை. கீரைக்காரம்மாவிடம் இரண்டு விரலை நீட்டிக் காட்டிக் கட்டு வாங்கினார். "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று அந்தம்மா என்னிடமே கேட்டாள்.

பி.காம். படித்தவன் நான். ஒரு கணக்கில் வரவு என்றால் இன்னொரு கணக்கில் பற்று விழும் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கைதட்டல் முழுக்க யார் கணக்கில் பற்று என்று யோசிக்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

'தமாஷ்' என்று நான் சொன்னதும் 'தமாஷா' என்று அவர் கேட்டதும் ஒரே வார்த்தை இல்லையோ என்ற சந்தேகம் குடைய, எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குக் கிளம்பினேன். "அவர்கிட்ட நேரே போய் மன்னிப்புக் கேக்கறதை விட்டுட்டு, அகராதி பார்க்கப் போறாராம்" என்று சகதர்மிணி வழியனுப்பி வைத்தாள்.

'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்றொரு பழைய அகராதி. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் பேச்சில் புகுந்துகொண்ட நம்மூர் வார்த்தைகளை யூல், பர்னல் என்ற இரண்டு பேர் சேர்த்து வைத்தது. அது வெளிவந்தது 1886-ல். பர்னல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரும் அவர்தான். பாவம், புத்தகம் வருவதற்கு முன்பே 1882-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதில் நம்ம தமாஷாவும் இருக்கிறது.

அரபியில் 'மஷா' என்றால் நடந்தான். அதிலிருந்து பிறந்த 'தமாஷா'வுக்கு, சேர்ந்து நடப்பது என்று பொருள். அவ்வளவுதான். சிரிப்பும் இல்லை, கேலியும் இல்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டே காலாற நடக்கிறார்கள். பாரசீகத்துக்குப் போனதும் அந்த நடை, தோட்டம் துரவு பார்க்கப் போகும் உல்லாச நடையாயிற்று. பிறகு நடை நின்றுபோய்ப் பார்ப்பது மட்டும் மிச்சம். ஈரானில் இன்றைக்கும் டி.வி. பார்ப்பதற்குக்கூடத் 'தமாஷா'தான்! இந்தி, உருதுவில் அது நாலு பேர் கூடி நின்று பார்க்கிற காட்சி. 'தமாஷா பண்ணாதே' என்று இந்திக்காரர் அதட்டினால், ஜோக் அடிக்காதே என்று அர்த்தமில்லை. ஊர் பார்க்க ரகளை பண்ணாதே என்று அர்த்தம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் வந்த பிறகுதான் அது வெறும் சிரிப்புச் சமாசாரமாகிவிட்டது. ஆற்காட்டு நவாபு ஒரு பக்கம், 1855 வரை தஞ்சாவூரில் இருந்த மராட்டியர் இன்னொரு பக்கம். வார்த்தை நுழைய வாசலுக்கா பஞ்சம்?

ஆக, நான் படிக்கட்டில் நின்று அவரிடம் சொன்னதன் அர்த்தம்: 'ஊரே கூடி நின்று உம்மைப் பார்த்தது, ஐயா!'

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பெருமையாக ஒப்பித்தேன். சகதர்மிணி வெண்டைக்காய் நறுக்கியபடியே கேட்டுவிட்டு, "இதுக்கு எழும்பூர் வரைக்கும் போகணுமா? நம்ம 'வேடிக்கை'யும் அப்படித்தானே?" என்றாள். "வேடிக்கையாப் பேசறார்னா ஜோக். தெருவுல ஒருத்தன் விழுந்து கிடக்கறப்போ சுத்தி நின்னா, அதுக்கும் பேர் வேடிக்கை பார்க்கறதுதான். அன்னிக்கு நீங்க வேடிக்கை பண்ணினீங்க. நாங்க அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தோம். நானும்தான் சிரிச்சேன்."

தெலுங்கில் 'வேடுக' என்றால் கொண்டாட்டம் என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் தெலுங்கு உள்ளே போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குக் காகா வீட்டு மணியை அடித்தேன். "நான் செஞ்சது தப்பு ஸார். மன்னிச்சுடுங்க. பீச் பக்கம் நடக்கப் போறேன், வர்றீங்களா?" என்றேன். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார்.

மூன்று நாள் திருவான்மியூர் கடற்கரையில் இரண்டு ஊமைகள் நடந்தார்கள். நாலாம் நாள் காகா வாயைத் திறந்தார். இந்தியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. தமிழ் மட்டும் மருந்துக்கும் இல்லை.

மராட்டியில் தமாஷா என்பது நம் தெருக்கூத்து மாதிரி ஒரு கலை. அவருடைய நாராயண்காவ்தான் அதற்குத் தலைநகரம். டோல்கி முழங்க, முதலில் கணபதி வணக்கம், பிறகு கோபிகைகளின் கலாட்டா, லாவணி, அப்புறம் நாடகம். அந்த ஊரின் விட்டாபாய் நாராயண்காவ்கர் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களாம். நிறைமாதக் கர்ப்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தவருக்கு வலி கண்டு, மேடைக்குப் பின்னால் பிள்ளை பெற்று, மறுபடி ஆட வந்து நின்றாராம். விஷயம் தெரிந்ததும், ஆட வேண்டாம் தாயே என்று ஜனங்களே அனுப்பி வைத்தார்களாம். 2002-ல் அவர் காலமானார். சொல்லும்போது காகாவுக்குக் குரல் கம்மியது.

"கூத்துல கோமாளி உண்டா?" என்று கேட்டேன்.

"சோங்காட்யா! அவன் இல்லாமலா? ராஜாவைக் கிண்டல் பண்ணுவான். சிப்பாயை, வட்டிக்கடை சாவ்காரை, எல்லாரையும்."

"வேற யாரை?"

காகா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தன்னை."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தோம். கேட் வாசலில் வழக்கம்போல் நாய், வழி முழுவதையும் பட்டா போட்டுக்கொண்டு படுத்திருந்தது. "ச்சூ" என்று நான் காலைத் தூக்கினேன். காகா என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

அது எழுந்து, சோம்பல் முறித்து, தள்ளிப் படுத்தது.